வாங்கியவனுக்குப் பாத்தியதை இல்லையா?

எவர்சில்வர் குடம் ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். வீடு மாற்றும்போது அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். புது வீட்டுக் குழாயடியில் பாத்திரக் கடைக்காரர் வந்து நின்று, "இந்தக் குடத்தைப் பழைய வீட்டுத் தண்ணீருக்குத்தான் விற்றேன், இங்கே பிடிக்க வேண்டுமானால் மாதா மாதம் வாடகை கட்டுங்கள்" என்று சொன்னால் தெருவே கூடிவிடும் அல்லவா? இதே காரியத்தை மென்பொருள் வியாபாரிகள் செய்தால் மட்டும் நாம் வாயை மூடிக்கொண்டு பையைத் திறக்கிறோம்.

என் விஷயத்தையே சொல்கிறேன். 2006ஆம் வருஷம் தமிழில் எழுத ஒரு மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கினேன். தகடு, அட்டைப்பெட்டி, ரசீது எல்லாம் இன்னமும் என்னிடம் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது; புதிது வந்தது. மென்பொருளை அதில் ஏற்றியதும், அது கம்பெனியின் ஸர்வரிடம் அனுமதி கேட்டது. அந்த ஸர்வரை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். கடிதம் எழுதினேன். "அந்தப் பதிப்பின் காலம் முடிந்தது; மாதச் சந்தா கட்டிப் புதிய பதிப்பைப் பெறலாம்" என்று ஒரே வரியில் பதில்.

அதற்குள் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் கம்ப்யூட்டர்த் தமிழுக்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. தமிழ்நாடு அரசு 1999ல் டாம், டாப் என்று இரண்டை அங்கீகரித்தது. யூனிகோடை ஏற்றது 2010ல்தான். நான் வாங்கிய மென்பொருளோ இவை எதையும் சட்டை செய்யாமல் தன் சொந்த முறையில் எழுதி வைத்தது. வேறொன்றில் திறந்தால் என் கதாநாயகியின் காதல் வசனம் இங்கிலீஷ் எழுத்துக்களும் சதுரங்களுமாக வந்து நிற்கிறது. (அச்சில் வந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று விமரிசகர்கள் சொல்லக்கூடும், அது வேறு வழக்கு.) ஒரு நாவல் அச்சேறிப் பிழைத்தது. மற்றது பதினேழு அத்தியாயத்தோடு உள்ளேயே கிடக்கிறது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

"ஒப்பந்தத்தைப் படித்துச் சம்மதம் என்று நீங்கள்தானே பொத்தானை அமுக்கினீர்கள்?" என்பார்கள். பணத்தைக் கொடுத்து, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, உறையைக் கிழித்த பிறகு காட்டுகிற ஒப்பந்தம் அது! ஆனாலும் 2010ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஆட்டோடெஸ்க் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில், இப்படி வாங்கியவன் உடைமைக்காரன் அல்ல, வெறும் லைசென்ஸ்தாரன் என்றே சொன்னது. 2012ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் வழக்கில் நேர் எதிராகப் பேசிற்று: கால வரம்பில்லாமல் உபயோகிக்க விலை வாங்கினால் அது விற்பனையேதான் என்றது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், லைசென்ஸை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று போடுகிறவர்கள் உண்மையை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். அங்கேயாவது சட்டம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறது!

கம்பெனிகளின் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. யந்திரங்கள் மாறுகின்றன. 2019ல் ஆப்பிள் கம்பெனி தன் காட்டலினா பதிப்பிலிருந்து 32 பிட் மென்பொருள்களை அடியோடு விலக்கியது. பழையதை எல்லாம் ஆயுள் முழுவதும் பழுது பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. ஓட முடியாமல் நிற்பது வேறு, ஓடக் கூடியதைப் பூட்டி வைப்பது வேறு.

பூட்டைத் திறக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அடோபி கம்பெனி 2005ல் வெளியிட்ட கிரியேட்டிவ் ஸூட் இரண்டாம் பதிப்புக்கான ஸர்வரை 2012 டிசம்பரில் நிறுத்தியபோது, வாங்கியிருந்தவர்களுக்காக அனுமதி கேட்காத பிரதி ஒன்றை வெளியிட்டது. அடுத்த வருஷம் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மாற்றிய கம்பெனியும் அதுதான்! அதனால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

ஸர்வரை நிறுத்துகிற அன்றைக்கே பூட்டையும் எடுத்துவிட வேண்டும். கோப்பை எழுதிய முறையையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். நம்முடைய 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு விஷயம் இருக்கிறது. அதன் கீழ் மனு எழுதி, ரசீதையும் வைத்துத் தைத்திருக்கிறேன். பழைய தகடுகளைக் காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்திருக்கும் வாசகர்கள், தயவு செய்து ரசீதையாவது தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.