"தண்ணி பக்கம் போகாதே" என்று சொன்னவள் நான்தான்

என் பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை முட்டம் கடலில் நான் கயாக் ஓட்டுகிற படத்தை என் தோழி போட்டாலும் போட்டாள், மூன்று நாளாக என் போனுக்கு ஓய்வில்லை. "டீச்சர், இந்த வயசுல இது தேவையா?" என்று 94-ஆம் வருஷம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் கேட்கிறான். "மைனி, நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?" என்று ஒரு குரல் செய்தி. "கடல் என்ன விளையாட்டுச் சாமானா?" என்று கொழுந்தனார். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கண்ணாடி ஒத்துழைக்காது. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்ததுபோல் கடைசி வரை உட்காருங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், ஒருவர் பேங்கில் இருந்தவர், இன்னொருவர் அவருடைய தங்கை. எங்களைக் கூட்டிப்போன இரண்டு தம்பிகளும் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். அதில் ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் முழித்தவன். அன்றைக்கு அவன் வாத்தியார், நான் முழித்தேன்.

ஜனவரி மாதக் காலை, ஆறரை மணி. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் அந்தக் கடல் பக்கத்தில் நிற்க முடியாது. இப்போது அமைதி. காலையில் தரைக்காற்று லேசாக இருக்கும், வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அந்தத் தம்பி கணக்குச் சொன்னான். லைஃப் ஜாக்கெட்டின் வாரை ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்தான். கடலோரக் காவலுக்கும் கரையிலிருந்த மீனவர்களுக்கும் தகவல் சொல்லியிருந்தான். அன்றைய அலை எச்சரிக்கையைப் போனில் எடுத்து எங்கள் எல்லாருக்கும் காட்டினான். இத்தனையும் முடிந்த பிறகுதான் படகு தண்ணீரைத் தொட்டது.

கரையில் நின்று முட்டம் பாறைகளை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். சினிமாவிலும் பார்த்திருக்கிறோம். கடலுக்குள்ளிருந்து பார்ப்பது வேறு. மேலே கலங்கரை விளக்கம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. பாறை இடுக்கில் தண்ணீர் புகுந்து வெளியே வரும்போது பெரிய மிருகம் மூச்சு விடுகிற சத்தம். கடியப்பட்டினம் பக்கம் போகும்போது, சிப்பி எடுக்க முங்குகிற ஒருவர் பாறையடியில் மறைந்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். என் நெஞ்சு அடைக்கிற நேரத்தில் சாவகாசமாக மேலே வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சொன்ன பாடத்தை மறந்துவிட்டேன். பாறையில் மோதிய அலை திரும்பி வரும், அது வருகிற அலையோடு சேர்ந்தால் தண்ணீர் கூம்பு கூம்பாக எழும்பும், பாறையை விட்டுத் தள்ளியே இருங்கள் என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கவிழ்ந்தேன்.

ஆமாம், கவிழ்ந்தேன். யாரும் பதற வேண்டாம். ஜாக்கெட் மேலே தூக்கிவிட்டது. ஒரு கையால் படகையும் ஒரு கையால் துடுப்பையும் பிடித்தேன். தம்பி வந்து என் படகை நிமிர்த்திப் பாறையை விட்டு இழுத்தான். மூன்றாவது முயற்சியில் ஏறிவிட்டேன். நீங்கள் பார்த்த படம் அதற்கு அப்புறம் எடுத்தது. நரைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரிக்கிறேனே, அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது.

அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உங்களில் சிலருக்கு அவனைத் தெரியும். பெயர் எழுதவில்லை, அவன் அம்மா இன்னும் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்த மதியம் இரண்டு பேர் குளத்துக்குப் போனார்கள். ஒருவன் படிக்கட்டுப் பாசியில் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டான். இவன் ஒரு நொடிகூட யோசிக்காமல் குதித்தான். இவனுக்கும் நீச்சல் தெரியாது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையிலிருந்த ஈரச் சேலையை வீசினார்கள். வழுக்கி விழுந்தவன் அதைப் பிடித்துக் கரையேறிவிட்டான். காப்பாற்றக் குதித்தவன் வரவில்லை.

ஆபத்தில் இருப்பவனுக்கு உதவ வேண்டும் என்று நீதிபோதனை வகுப்பில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எப்படி உதவ வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்தேன், பாடத்திட்டம் எழுதப் படித்தேன், தண்ணீரில் தத்தளிக்கிற பிள்ளையை என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் என்ன செய்தது தெரியுமா? மறுவாரம் பிரேயரில் "இனி யாரும் குளத்துப் பக்கம் போகக் கூடாது" என்று அறிவிப்பு. வாசித்தவள் நான்தான். அதற்குப் பிறகும் பணி ஓய்வு வரைக்கும் ஒவ்வொரு மே விடுமுறைக்கும் அதே வரியைச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வரி ஒரு பிள்ளையையும் காப்பாற்றவில்லை. சுற்றிலும் குளமும் வாய்க்காலும் கடலுமாக இருக்கிற மாவட்டத்தில் தண்ணீர் பக்கம் போகாதே என்பது, வெயிலில் நடக்காதே என்பது மாதிரி. பிள்ளைகள் போவார்கள். ஒளிந்து போவார்கள். ஒளிந்து போவதால் பெரியவர் துணையில்லாமல் போவார்கள். நம் தடை செய்த வேலை அவ்வளவுதான்.

இந்த நாட்டில் 2022-இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல் என்பது அரசின் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. 2021-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக் கொடுங்கள் என்று அதே நிறுவனம் பரிந்துரையும் செய்கிறது. நாம் என்ன செய்கிறோம்? கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று மேடையில் முழங்குகிறோம். முழங்குகிறவரை இடுப்பளவு தண்ணீரில் தள்ளிவிட்டால் "ஐயோ அம்மா" என்பார்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில்.

"நீச்சல் தெரிந்தவனும்தான் சாகிறான் டீச்சர்" என்றான் ஒருவன். உண்மை. 2024 மே மாதம், முட்டத்துக்குப் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. வெகுதூரத்தில், தெற்கே நடுக்கடலில் அடிக்கிற புயல் கிளப்பிவிடுகிற அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி வரும். அதனால்தான் கள்ளன் என்று பெயர். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சொல்லை அவர்களுக்கு எந்த வகுப்பில் யார் சொன்னோம்? நான் கேட்பது கைகாலை அடிக்கிற வித்தை மட்டும் இல்லை. இன்றைக்கு இறங்கக் கூடாது என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லத் தெரிகிற அறிவையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எச்சரிக்கை இருந்திருந்தால், காசு கொடுத்தாலும் அந்தத் தம்பி படகை இறக்கியிருக்க மாட்டான்.

"பள்ளிக்கூடத்தில் கக்கூஸே சரியில்லை, நீச்சல் குளத்துக்கு எங்கே போவது?" என்றாள் ஒருத்தி. வங்கதேசத்தில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில் அடித்து, மேடை போட்டு, பிள்ளைகள் நிற்கிற ஆழத்துக்குத் தடுப்புக் கட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். நம்மைவிட அவர்கள் பணக்காரர்களா? குளம் நம்மிடமும் இருக்கிறது. தூர் வாரி, ஒரு மூலையில் தடுப்புக் கட்டி, விஷயம் தெரிந்த இரண்டு பேரை நிறுத்த மனசு வேண்டும்.

"பொம்பளப் பிள்ள நனைந்த துணியோட நிக்கவா?" என்று கேட்ட சொந்தத்துக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வெள்ளம் வருகிறபோது ஆண், பெண் பார்த்து வராது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி குளச்சலிலும் மணக்குடியிலும் பார்த்தோமே, மறந்துவிட்டதா? மானம் உயிரோடு இருக்கிறவளுக்குத்தான். நான் 61 வயதில், பணி ஓய்வு பெற்ற மறுவருஷம், முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு நீச்சல் படித்தேன். பக்கத்தில் ஆறு வயசுப் பிள்ளை மீன் மாதிரி போகும், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மிதக்கவே மூன்று மாதம் ஆனது. மிதந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்காக என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கவிழ்ந்து மேலே வந்து சிரித்ததற்குக் காரணமும் அதுதான். வாழ்நாள் முழுக்க எதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தினேனோ, அது எனக்கு நடந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எட்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சும்மா புலம்பிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுப்பாடம் உண்டு.

உங்களில் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று நீச்சலைப் பற்றிக் கேளுங்கள். சிரிப்பார்கள். மறுபடியும் கேளுங்கள். நம் வகுப்பில் ஆசிரியர் ஆனவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். "தண்ணி பக்கம் போகாதே" என்று வகுப்பில் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு இதை மட்டும் சொல்லுங்கள். தண்ணீரில் ஒருவன் தத்தளித்தால் குதிக்காதே. கத்தி ஆளைக் கூப்பிடு. கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டு, கயிற்றை வீசு, மூடிய காலிக் கேனைத் தூக்கிப் போடு. ஒன்றும் இல்லையென்றால் சேலையை, துப்பட்டாவை வீசு. அன்றைக்கு அந்தக் குளக்கரையில் இதைத் தெரிந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை.

அடுத்த மாதமும் முட்டம் போகிறேன். கொழுந்தனாருக்கு ஒரு ஜாக்கெட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்