வலிக்கு மொழி உண்டா?

பி.காம். படிக்கிறவனுக்கு நர்சிங் பாடத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருந்தால் பேசத்தான் தோன்றும். மெஷினில் கை நசுங்கி வரும் பீகார்க்காரரிடம் தமிழில் "வலிக்குதா?" என்றால் விழிப்பார். அவர் பேசாததால் வலி இல்லை என்று ஆகிவிடுமா?

நோயாளி வலி என்றால் அது வலிதான் என்று மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-லேயே சொல்லிவிட்டார். சொல்ல முடியாதவருக்கும் வலி இருக்கலாம் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய விளக்கமும் சொல்கிறது.

ஆகவே நர்சிங் மாணவர்களுக்கு ஊசி போடச் சொல்லித்தரும்போதே, ஆறு முகப்படங்கள் உள்ள அட்டையைக் காட்டி வலியின் அளவைக் கேட்கவும், மருந்து கொடுத்தபின் மறுபடி கேட்கவும் பழக்க வேண்டும். கூடவே, வலிக்கு இந்தியில் 'தர்த்' என்ற ஒரே ஒரு வார்த்தை. இதற்குப் போய் இந்தித் திணிப்பு என்று யாரும் சண்டைக்கு வராதீங்கப்பா!