பெட்டியில இருக்கிற வோட்டும் உள்ளுக்க இருக்கிற வோட்டும்

எங்கட சனத்திட்ட ஒரு பழக்கம் இருக்கு. இலக்கம் பெரிசா இருந்தால் சாமான் நல்லது எண்டு நினைச்சிடுவம். கொம்பியூட்டருக்குப் பவர் சப்ளை வாங்கேக்கையும் அதே கதைதான்.

இங்க அப்டன் பார்க்கில என்ர மருமகன் சனி, ஞாயிறு வேலை செய்து சேர்த்த காசில கொம்பியூட்டர் ஒண்டு பூட்டினவன். இன்ரெல் ஐ5-12400, ஆர்ரிஎக்ஸ் 3060 கிரபிக்ஸ் காட், பெயர் தெரியாத ஒரு '600 வோட்' பவர் சப்ளை. இன்ரநெற் பார்க்க ஒரு கரைச்சலும் இல்லை. படிப்புக்கு வீடியோ செய்யத் தொடங்கினால் பொத்தெண்டு நிண்டிடும். ரெண்டு தரம் செய்த வேலை முழுக்க அழிஞ்சு போச்சு. கடையில 'காட் பழுது, புதுசு வாங்கு' எண்டினமாம். சிநேகிதப் பெடியள் '1000 வோட் போடு' எண்டினமாம்.

"பொறடா, முதல்ல கணக்குப் பார்ப்பம்" எண்டன்.

அந்தப் புரொசஸர் உச்சத்தில 117 வோட் இழுக்கும். காட் 170. போர்ட், ராம், டிஸ்க், காத்தாடி எல்லாத்துக்கும் 50 வைப்பம். மொத்தம் 337. அப்ப 600 காணும்தானே?

இங்கதான் சுத்துமாத்து. பவர் சப்ளையின்ர பக்கத்தில ஒட்டியிருந்த லேபிளை வாசிச்சம். 12 வோல்ட்டுக்கு 26 அம்பியர். பெருக்கினால் 312 வோட்தான். புரொசஸரும் காட்டும் தின்னுறது இந்த 12 வோல்ட்டைத்தான். காட் இடைக்கிடை ஒரு கணத்துக்கு 170ஐத் தாண்டியும் இழுக்கும். பிறகென்னெண்டு தாங்கும்? மிச்ச வோட்டை 5, 3.3 வோல்ட்டில காட்டிப் பெட்டியில 600 எண்டு அடிச்சிருக்கினம்.

அதுக்காக 1000 வோட்டும் தேவையில்லை. 1000 போட்டால் பில் கூடும் எண்டு பயப்பிடுறதும் பிழை. கொம்பியூட்டர் கேக்கிறதைத்தான் அது குடுக்கும். 337 வோட் தேவையெண்டால், 85 வீதத் திறனில சுவரில இருந்து 400 வோட் அளவில இழுக்கும். 550 எண்டாலும் 1000 எண்டாலும் பெரிய வித்தியாசமில்லை. வாங்கிற காசுதான் வீண். நாலு பேருக்குச் சோறு காய்ச்ச ஆரும் கலியாணவீட்டுக் கிடாரம் வாங்குவினமோ?

அந்தக் காட்டுக்கு என்விடியா சொல்லுறதும் 550 வோட்தான். 12 வோல்ட்டில 45 அம்பியர், அதாவது 540 வோட் தாற நல்ல 550 ஒண்டு வாங்கிப் போட்டம். பிறகு ஒருக்காலும் நிக்கேல்லை. புதுக் காட்டுக்கான காசு மிச்சம்.

90களில யாழ்ப்பாணத்தில கறண்ட் இல்லாத நேரம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, 3 வோட் டைனமோவைச் சுத்தி றேடியோவில செய்தி கேட்ட சனம் நாங்கள். எவ்வளவு காணும் எண்டு கைக்குத் தெரியும். இங்க வந்து பெட்டியில அடிச்ச இலக்கத்தை நம்பி ஏமாறுறம். பிள்ளையளுக்கு லேபிளை வாசிக்கக் காட்டிக் குடுங்கோ.