பெயரைக் குடிக்கும் பேதைமை

குடிப்பவன் சாராயத்தோடு அதன் பெயரையும் சேர்த்தே குடிக்கின்றான். சாராயத்தின் மயக்கம் பொழுது விடிந்தால் தெளிந்துவிடும். பெயரின் மயக்கமோ தலைமுறை கடந்தும் தெளிவதில்லை. இவ்விரண்டாம் மயக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடல் வேண்டும். இதனை எழுதுவோன் குடிப்பவன் அல்லன். குடிக்கச் சொல்பவனும் அல்லன். கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் பத்துக் குறள் வகுத்தார். உலக நலவாழ்வு நிறுவனமும், தீங்கற்ற குடியளவு என ஒன்று இல்லை என 2023-ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டது. ஆயினும், குடிப்பவர் குடித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். அவருள்ளும் கற்றவர் எனப்படுவோர், இப்போது தேர்ந்து குடிக்கவும் சுவையறிந்து குடிக்கவும் பயில்கின்றனர். தேர்தல் அறிவின் வேலை. அவ்வறிவு எத்தகையது என ஆராய்வது ஆசிரியன் வேலை.

அண்மையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் புதிதாகக் கட்டிய தம் வீட்டிற்கு அழைத்திருந்தார். நன்மகன், இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பவர். கூடத்தில் கண்ணாடிப் பேழை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு புட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் ஊரும் ஆண்டும் விலையும் ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினார். ஒரு புட்டியை எடுத்து, “ஐயா, இதன் பெயரைப் பலரும் தவறாகவே ஒலிப்பார்கள். ‘புன்னாகவென்’ என்று ஒலிக்க வேண்டும்” என்றார். பிறர் அதைப் பிழையாக ஒலிப்பது அவருக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. அவ்வேளையில் பதின்மூன்று அகவையினளாகிய அவர்தம் மகள் வந்தாள். கொண்டு சென்றிருந்த தமிழ்ப் பொத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். அட்டையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தந்தையிடம் நீட்டி, “நீங்களே படித்துச் சொல்லுங்கள் அப்பா” என்றாள். அவர் நகைத்துவிட்டுப் புட்டிக்கே திரும்பினார். “தம்பி, இதையெல்லாம் நம் மொழியில் சொல்லிப் பார்த்ததுண்டா?” என்றேன். “இதற்கெல்லாம் தமிழில் சொல் ஏது ஐயா?” என்றார்.

விருந்தோம்பியவர் வீட்டில் வழக்காடுதல் முறையன்று, அன்று வாளாவிருந்தேன். அவ்வினாவுக்கு இன்று விடை சொல்கின்றேன்.

‘விசுக்கி’ என்னும் பெயர் எப்படிப் பிறந்தது? மேலை நாட்டுத் துறவி மடங்களில், வாலையில் வடித்த சாராயத்தை இலத்தீனில் ‘அக்குவா விட்டே’ என்றனர். வாழ்வின் நீர் என்பது அதன் பொருள். இசுக்காட்லாந்து அரசின் 1494-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், அரசன் நான்காம் சேம்சின் ஆணைப்படி அந்நீர் வடிப்பதற்காகச் சான் கோர் என்னும் துறவிக்கு முளைக்கூலம் அளந்த செய்தி பதிவாகியிருக்கின்றது. அங்கும் இலத்தீன் பெயரே காணப்படும். ஆனால், மலைநாட்டிலும் தீவுகளிலும் வாழ்ந்த கேலிய மொழியினர் அவ்விலத்தீன் பெயரை அப்படியே விழுங்கினாரல்லர். நீரையும் வாழ்வையும் குறிக்கத் தம் வீட்டில் வழங்கிய சொற்களையே எடுத்து, ‘உசுக்கே பெகா’ என ஆக்கிக்கொண்டனர். அதன் முற்பாதி ஆங்கிலர் நாவில் திரிந்து ‘விசுக்கி’ ஆயிற்று. திருச்சபையின் மொழியும் அறிவுலகின் மொழியுமாய் இருந்த இலத்தீன் பெயரை, மாடு மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள் தம் மொழியில் பெயர்த்தனர். அப்பெயர்ப்பே இன்று உலகின் பெயராய் நிற்கின்றது.

ஏனையவும் இத்தகையனவே. உருசியரின் ‘ஓட்கா’ நீரைக் குறிக்கும் அவர்தம் சொல்லின் சிறுமை வடிவம். ‘பிராந்தி’ என்பது ஒல்லாந்தர் மொழியில் சுட்ட தேறல். ‘அராக்கு’ அரபு மொழியில் வியர்வை. வாலையின் கழுத்தில் முத்து முத்தாய்த் துளிர்ப்பதைக் கண்டு இட்ட பெயர். நீர், சுட்ட தேறல், வியர்வை! இவற்றுள் எது பெயர்க்கவொண்ணா அருஞ்சொல்? எல்லாம் அடுப்படிச் சொற்கள் அல்லவா?

நம் முன்னோரும் இவ்வறிவு உடையராகவே இருந்தனர். யவனர் கலத்தில் கொண்டுவந்த கொடிமுந்திரிச் சாற்றைப் பாண்டியன் அருந்தியதைப் பாடிய நக்கீரர், அதனைத் ‘தேறல்’ என்றே குறித்தார். பொருள் அயலது, கலம் அயலது, கொணர்ந்தவனும் அயலான், சொல் மட்டும் தமிழ். கள், நறவு, தோப்பி, பிழி, மட்டு, அரியல் எனத் தம்மிடம் இருந்தவற்றை வேறுவேறாகப் பிரித்தறிந்தவர்க்குப் புதியதொன்றைப் பெயரிட அச்சம் ஏன் வரும்?

இனி, அது ஆக்கப்படும் முறையைத் தமிழிலேயே சொல்லிப் பார்ப்போம். வாற்கோதுமையை நீரில் ஊறவிட்டு, தரையில் பரப்பி, முளைகட்டுவர். முளைத்த மணியைச் சூட்டில் உலர்த்துவர். ஐலா என்னும் தீவில், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த முற்றா நிலக்கரியை அவ்வடுப்பில் இடுவது வழக்கம். அதன் புகையே அவ்வூர் விசுக்கிக்குப் புகைநாற்றம் ஊட்டுவது. உலர்ந்த மணியை நொய்யாக அரைத்து, வெந்நீரில் கரைத்து, இன்சாற்றை இறுத்து, நொதி சேர்த்துப் புளிக்க விடுவர். நம் நாட்டுப்புறத்தான் இதனை ‘ஊறல்’ என்பான். காவலர் ஊறலை அழித்த செய்தியை நாளிதழில் படியாதார் யார்? பின்னர்ச் செப்பு வாலையில் பெரும்பாலும் இருமுறை வடிப்பர். முதலில் வரும் தலையையும் இறுதியில் வரும் வாலையும் ஒதுக்கி, நடுவே வருவதை மட்டும் கொள்வர். அதனைக் கருவாலி மர மிடாக்களில் அடைத்துக் கிடக்கவிடுவர். அமெரிக்கப் ‘பூர்பன்’ விசுக்கிக்குப் புது மிடாவே வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலின் அங்கு ஒருமுறை ஆண்ட மிடாக்கள் கடல்கடந்து இசுக்காட்லாந்தை அடைகின்றன.

முளைகட்டு, நொய், இறு, நொதி, ஊறல், வாலை, வடி, மிடா. எச்சொல் இல்லை? வாலை நம் பண்டை மருத்துவர் கையாண்ட கருவி. சுவைப்பதற்கும் அவ்வாறே. வல்லுநர் முதலில் முகர்வர். சிறு மிடறு நாவில் நிறுத்துவர். சில துளி நீர் விட்டு மீண்டும் முகர்வர். மரத்தின் துவர்ப்பு, கூலத்தின் இனிப்பு, நாவின் ஓரத்தில் எழும் கார்ப்பு என ஒவ்வொன்றாய்ப் பிரித்துச் சொல்வர். அறுசுவைக்கும் ஆறு சொல் வைத்திருப்பவன் இதற்கா அயல்மொழியிடம் கையேந்துவது? காட்டில் ஒளிந்து ஊறல் போடும் கல்லாதவனிடம் தமிழ்ச்சொல் இருக்க, கண்ணாடிப் பேழை வைத்த கற்றவனிடம் இல்லையென்றால், குறை மொழியினதா, கற்றவனதா?

பெயர் மயங்கியவர்க்குப் பொருளும் மயங்கும். இவர் கையாளும் அளவுகோல் மூன்றையும் பாருங்கள்.

முதலாவது, ஆண்டு. பன்னிரண்டினும் பதினெட்டு உயர்ந்தது என்பர். இசுக்காட்லாந்து விசுக்கிக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 700 இலிட்டருக்கு மேற்படாத கருவாலி மிடாவில் 3 ஆண்டேனும் அந்நாட்டிலேயே கிடந்திருத்தல் வேண்டும்; சாராய அளவு 40 விழுக்காட்டிற்குக் குறைதல் ஆகாது. புட்டியில் குறித்த ஆண்டு, கலந்தவற்றுள் மிக இளையதன் அகவை. ஆனால், அகவை மட்டும் சுவையாகாது. மிகுதியாய்க் கிடந்தால் மரத்தின் துவர்ப்பே மேலோங்கும். மேலும், அக்குளிர்நாட்டில் மிடாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாய்ப் போகும். அதனை ‘வானவர் பங்கு’ என்பர். பெங்களூரிலோ அப்பங்கு 10 விழுக்காட்டையும் எட்டும். முதிர்ச்சியும் அவ்வளவு விரைவு. வெயிலறியாது ஆண்டை எண்ணுவது, மண்ணறியாது விளைச்சலை எண்ணுவது போன்றது.

இரண்டாவது, நிறம். வாலையில் வடிந்தது தண்ணீர் போல் நிறமற்றது, மரமே நிறந்தருவது. ஆனால், கருக்கிய சருக்கரையால் நிறமூட்ட அதே சட்டம் இசைவளிக்கின்றது. ஆகவே, கருஞ்சிவப்பைக் கண்டு முதிர்ச்சி எனக் கொள்வது, நரை கண்டு அறிவு எனக் கொள்வதை ஒக்கும்.

மூன்றாவது, விலை. அருமைக்கும் பேழையின் அழகுக்கும் விளம்பரத்துக்கும் கொடுப்பது விலை. ‘ஒற்றை’ என்னும் அடையைக் கண்டு, ஒரே மிடாவில் எடுத்தது என மயங்குவார் பலர். ஒரே வடிசாலையினது என்பதே அதன் பொருள். உலகில் விற்கும் இசுக்காட்லாந்து விசுக்கியில் பெரும்பங்கு பல வடிசாலையின் கலவையே. கலவை என்பதனாலேயே அது தாழ்ந்ததும் ஆகாது.

இவற்றினும் நகைப்பிற்குரியது நம் நாட்டரசுகளின் பெயரீடு: ‘இந்தியாவில் ஆக்கிய அயல்நாட்டுச் சாராயம்’! இந்நாட்டில் விளைந்த கரும்பின் கழிவுப்பாகில் வடித்து, நிறமும் மணமும் சேர்த்து, ‘விசுக்கி’ எனப் பெயர் ஒட்டி விற்பன பலவுண்டு. கூலத்தில் வடியாததை விசுக்கி என விற்க ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இடந்தராது. ஈங்கோ, கரும்பும் நமது, உழைப்பும் நமது, கேடும் நமது; பெயர் மட்டும் அயலானது. அப்பெயருக்காகவே அதனை வாங்குபவனும் நம்மவனே. அதே வேளை, பெங்களூர் வடிசாலையொன்று வாற்கோதுமையில் முறைப்படி வடித்து, 2004-இல் இசுக்காட்லாந்தின் கிளாசுக்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்திய வரலாறும் உண்டு. தொழில் தெரிந்தவனுக்குப் போலிப்பெயர் வேண்டியதில்லை.

இனி, அன்பர்காள், என் மாணாக்கரின் பேழைக்கு மீண்டும் வருவோம். அப்பெயர்களுக்கெல்லாம் பொருள் என்ன? ‘கிளென்பிடிக்கு’ என்றால் மான் பள்ளத்தாக்கு. ‘ஆர்டுபெக்கு’ என்றால் சிறுமுனை. ‘இலாகவூலின்’ என்றால் ஆலைப் பள்ளம். அவர் அத்துணை அருமையாய் ஒலித்த ‘புன்னாகவென்’, ஆற்றுவாய். நம் மானூர் போலவும் ஆற்றூர் போலவும் எளிய ஊர்ப்பெயர்கள். அனைத்தும் கேலிய மொழி. உலகின் செல்வரெல்லாம் நாளும் நாவில் உருட்டும் அம்மொழியின் இற்றை நிலை யாது?

1609-ஆம் ஆண்டில், இசுக்காட்லாந்து அரசு தீவுத் தலைவர்களைக் கூட்டி, அயோனா நெறிமுறைகள் எனப்படுவனவற்றில் ஒப்பமிடச் செய்தது. அவற்றுள் ஒன்று, தீவுகளுக்குத் தேறலும் விசுக்கியும் கொண்டுவரலைத் தடுத்தது. இன்னொன்று, அறுபது மாடு உடையவன் எவனும் தன் மூத்த மகனைத் தாழ்நாட்டுப் பள்ளிக்கு அனுப்பி ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும் பயிற்றல் வேண்டும் என்றது. 1616-இல் வந்த பள்ளிச் சட்டம், அம்மொழியை ஒழிப்பதே நோக்கம் என வெளிப்படவே கூறிற்று. 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அம்மொழிக்குப் பள்ளியில் இடமே வைக்கவில்லை. விளைவு? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அம்மொழியைச் சிறிதேனும் அறிந்தோர் ஏறத்தாழ 1,30,000 பேர்; அந்நாட்டு மக்களில் 2.5 விழுக்காட்டினர். அதன் கோட்டையாகிய மேலைத் தீவுகளிலும் பேசுவோர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டனர். 2025-இல் இயற்றிய சட்டத்தால்தான் அதற்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. அயோனாவுக்குப் பின் 416 ஆண்டுகள்!

ஒன்றை நோக்குமின். குடிக்கு இட்ட தடை தோற்றது. விசுக்கி உலகை வென்றது. மொழிக்கு இட்ட தடையோ வென்றது. ஏன்? விசுக்கியை விரும்பி வாங்குவோர் இருந்தனர். மொழியை விரும்பிப் பேசுவோர் பள்ளி வாயிலில் ஒருவர் ஒருவராய்க் குறைந்தனர். புட்டியில் ஒட்டிய பெயர் ஒரு மொழியைக் காக்காது. பிள்ளையின் வாயில் இருந்தாலன்றி எம்மொழியும் வாழாது.

இதனை உணர்ந்தவர் அந்நாட்டிலேயே ஒருவர் இருந்தார். அயன் நோபிள் என்னும் வணிகர், 1973-இல் இசுகைத் தீவில் கேலிய மொழிக் கல்லூரி நிறுவத் துணைநின்றார். 1976-இல் அங்கேயே விசுக்கிக் குழுமம் ஒன்றையும் தொடங்கினார். சிறு மிடறு என்பதற்குத் தீவு மக்கள் வழங்கும் பேச்சுச் சொல்லையே அதன் விசுக்கி ஒன்றுக்குப் பெயராய் இட்டார். சப்பானியரையும் எண்ணிப் பாருங்கள். மசதாக்கா தாக்கெச்சுரு என்னும் இளைஞர் 1918-இல் இசுக்காட்லாந்து சென்று தொழில் கற்று மீண்டார். 1923-இல் யமசாக்கியில் அந்நாட்டின் முதல் முளைக்கூல வடிசாலை எழத் துணைநின்றார். இன்று யமசாக்கிப் புட்டியின் முகப்பில் சப்பானிய எழுத்தே பெரிதாய் நிற்கின்றது. அறிவை இரவல் பெற்றனர். பெயரை இரவல் பெறவில்லை. உலகம் அதனால் அதனைத் தாழ்த்தி விலைபேசிற்றா?

ஆகவே, தம்பி, நீ கேட்ட வினாவுக்கு விடை இது. சொல் இருக்கின்றது. நீ தேடவில்லை. ஆற்றுவாய் என்னும் பொருளுடைய ஓர் அயற்சொல்லைப் பிழையின்றி ஒலிக்க நீ எடுத்த முயற்சியில் பத்தில் ஒரு பங்கை உன் மகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பதில் செலவிட்டிருந்தால், அன்று அவள் அப்பொத்தகத்தை உன்னிடம் நீட்டியிருக்க மாட்டாள். நீ குடியாதிருப்பின் மகிழ்வேன். குடிப்பாயேல், எதனைக் குடிக்கின்றாய் எனத் தெரிந்து குடி. ஆண்டையும் நிறத்தையும் விலையையும் வணங்காதே. அப்பேழையில் நிற்பவை வெறும் புட்டிகள் அல்ல. தன் பிள்ளைகளை இழந்த ஒரு மொழியின் நடுகற்கள். அவற்றை நாள்தோறும் துடைத்து வைக்கும் நீ, ஒரு நாளேனும் அவற்றைப் படி.

மகளையும் அருகில் இருத்திக்கொண்டு படி.