நளினம் விலங்கு அல்ல

நளினமும் பண்பான பேச்சும் புடவை நேர்த்தியும் பெண்ணை அடக்கிவைக்கச் செய்த ஏற்பாடு, இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அவை வேண்டாம் என்கிறது ஒரு வாதம். அப்படியானால் நளினத்தையும் புடவையையும் கடைசிவரை விடாத நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேலை எந்தக் கணக்கில் வைப்பது?

ஊரே எதிர்த்தும் 1920-இல் வெள்ளைக்காரரை மணந்தார். குடும்பப் பெண்கள் சதங்கை கட்டத் தயங்கிய 1935-இல் அடையாறில் மேடையேறி ஆடினார். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். இவரா அடங்கிப்போனவர்?

அவர் நிறுவிய கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியின் தறிகளில் நெய்த புடவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், அகலக் கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்க்க நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். அந்த உழைப்பை மதித்து உடுத்துவது அடிமைத்தனம் ஆகாது.

பணிவைப் பெண்ணிடம் மட்டும் எதிர்பார்ப்பவர்களைக் கண்டியுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். அதற்காக நளினத்தையே பெண்கள் கைவிட வேண்டும் என்று சொல்லாதீர்கள்.