ஏழையின் முகம் யார் வீட்டுச் சொத்து?

இப்படியொரு புகைப்படத்தை நீங்கள் ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். நடுவில் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ தொண்டு செய்ய வந்த இருபது வயதுப் பெண். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கறுப்பினக் குழந்தைகள். ஒரு குழந்தை அவள் இடுப்பில், இன்னொன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு. பின்னால் ஒரு மண் சுவர். படத்தின் கீழே அந்தப் பெண்ணின் பெயர் இருக்கும், படிக்கும் கல்லூரி இருக்கும். குழந்தைகளின் பெயர் இருக்காது. 'கென்யக் குழந்தைகளோடு' என்பதோடு சரி. பல படங்களில் நாட்டின் பெயர்கூடக் கிடையாது. 'ஆப்பிரிக்காவில் நான்' என்று ஒரு கண்டத்தையே சுருட்டி வைத்துவிடுவார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்தக் கண்டத்தில்!

அவள் அங்கே இருந்தது இரண்டு வாரம். கட்டியது ஒரு சுவர், சொல்லிக்கொடுத்தது நாலு ஆங்கிலப் பாட்டு. தொண்டு அத்தோடு முடிந்துவிடும். படம் முடியாது. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும், அவளை அனுப்பிய நிறுவனத்தின் விளம்பரத் தாளிலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகும் படத்தில் மட்டும் மூக்கொழுகிக்கொண்டே நின்று யாருக்கோ நன்கொடை திரட்டிக்கொண்டிருக்கும்.

"இதில் என்ன குற்றம்? நல்ல எண்ணத்தோடுதானே போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. எண்ணத்தை நாம் அளக்கப் போவதில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அதே பெண் தன் சொந்த ஊரில், லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்ட முடியுமா? போலீஸ் வந்துவிடும்! பிரிட்டனில் பள்ளிக்கூடங்களே பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் வாங்கிக்கொண்டுதான் பிள்ளைகளின் படத்தை வெளியிடுகின்றன. லண்டன் பிள்ளைக்கு ஒரு நீதி, உகாண்டாப் பிள்ளைக்கு ஒரு நீதியா? ஏழை வீட்டுக்குக் கதவு இல்லை என்பதற்காக அனுமதி கேட்க வேண்டியதும் இல்லையா?

இது கைபேசி வந்த பிறகு பிடித்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பாட்டன்மார் பட்டினியால் செத்த தாது வருஷப் பஞ்சத்தை, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தை, கேமராவில் பிடித்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வரிசையாக உட்கார வைத்து எடுத்த படங்கள் அவை. படம் எடுத்து முடித்ததும் உணவு கொடுக்காமல் அவர்களை அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது உண்டு. பஞ்சத்தைப் பற்றிய புத்தகங்களில் இன்றும் அந்தப் படங்கள் அச்சாகின்றன. எடுத்தவர் பெயர் தெரிகிறது. உட்கார்ந்திருந்தவர்கள் யார், எந்த ஊர், பிழைத்தார்களா? ஒருவருக்கும் தெரியாது. நூற்றைம்பது ஆண்டுகளில் கேமரா மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஷர்பத் குலாவின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1984ல் பெஷாவருக்கு அருகே நாஸிர் பாக் அகதி முகாமில் இருந்த ஆப்கான் சிறுமி. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அவரது படம் 1985 ஜூனில் 'நேஷனல் ஜியாக்ரபிக்' அட்டையில் வந்தது. அந்தப் பச்சைக் கண்களை உலகமே பார்த்தது. கண்களுக்குச் சொந்தக்காரியின் பெயர் 2002ல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை உலகத்துக்குத் தெரியாது. அவரும் அதுவரை தன் படத்தைப் பார்த்ததில்லை. பதினேழு ஆண்டுகள்! 2016ல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தான் அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. 2021ல் இத்தாலியில் தஞ்சம் கிடைத்தது. மெக்கரி தொண்டர் அல்லர், தொழில்முறைக்காரர் என்பது உண்மைதான். அகதி முகாமுக்குள் கேமரா எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"படம் இல்லாவிட்டால் உலகம் திரும்பிப் பார்க்குமா?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. 1984 அக்டோபர் 23 அன்று எத்தியோப்பியப் பஞ்சத்தை பி.பி.சி. தொலைக்காட்சியில் காட்டியது முஹம்மது அமீன் என்பவரின் கேமரா. நைரோபியில் பிறந்த முஸ்லிம், கென்யாக்காரர். அந்தக் காட்சிகள்தான் 1985 ஜூலையில் 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி வரை போய் கோடிக்கணக்கில் பணம் திரட்ட வைத்தன. பின்னாளில் ஒரு வெடிவிபத்தில் கையை இழந்தும் கேமராவை விடாத மனிதர் அவர். ஆகவே கேமராவை உடைக்கச் சொல்ல நாம் வரவில்லை. அமீன் எடுத்த காட்சிகளில் அமீன் இல்லை, பஞ்சம் இருந்தது. தொண்டர் எடுக்கும் படத்தில் நடுநாயகமாக யார் நிற்கிறார்?

அமீனின் காட்சிகளுக்குப் பிறகும்கூட, பட்டினிப் படங்களைக் காட்டியே பிழைப்பது சரியா என்ற விவாதம் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களுக்குள்ளேயே எழுந்தது. மூன்றாம் உலக மக்களை எப்படிப் படம் பிடிக்க வேண்டும், அவர்கள் கண்ணியம் எப்படிக் காக்கப்பட வேண்டும் என்று 1989லேயே ஒழுங்கு விதி எழுதிக்கொண்டார்கள். 2006ல் அதைப் புதுப்பித்தார்கள். விதி தெரியாமல் செய்தார்கள் என்று இனி யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்!

கேலி செய்தவர்களும் அவர்களே. 2012ல் எஸ்.ஏ.ஐ.எச். என்ற நார்வே மாணவர் அமைப்பு ஒரு பாட்டுப் படம் வெளியிட்டது. குளிரில் வாடும் பாவப்பட்ட நார்வே மக்களுக்காக ஆப்பிரிக்கர்கள் வீட்டைச் சூடாக்கும் கருவிகளை வசூல் செய்து அனுப்புவதாகக் கதை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள். 2016ல் இன்ஸ்டாகிராமில் ஒரு பார்பி பொம்மை ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போய்க் குழந்தைகளோடு விதவிதமாகப் படமெடுத்துக்கொண்டது. 2019ல் ஸ்டேசி டூலி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நட்சத்திரம் உகாண்டாவில் ஒரு குழந்தையைத் தூக்கிவைத்துப் படம் வெளியிட்டார். டேவிட் லாமி என்ற கறுப்பின எம்.பி. வெளிப்படையாகக் கண்டித்தார். அனுப்பிய 'காமிக் ரிலீஃப்' நிறுவனம், இனி நிதி திரட்டும் படங்களுக்காகப் பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப மாட்டோம் என்று 2020ல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆனால், மானம் போவதோடு இந்த விஷயம் முடியவில்லை. வியாபாரிகளே, இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கிராக்கி இருந்தால் சரக்கு வரும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே சரக்கு, குழந்தை!

கம்போடியாவைப் பாருங்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே அநாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. பிறகு அநாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? யுனிசெஃப் பார்த்தபோது இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டரும் சுற்றுலாக்காரரும் பிள்ளையோடு படமெடுக்கிறார், படத்தை ஊருக்குக் கொண்டுபோகிறார், படம் பணம் கொண்டுவருகிறது, பணம் இன்னொரு இல்லத்தைத் திறக்கிறது. இல்லத்தை நிரப்பப் பிள்ளை வேண்டும். 'படிக்க வைக்கிறோம்' என்று சொல்லி ஏழைத் தாயிடம் வாங்கி வருகிறார்கள். பெற்றவள் ஊரில் இருக்க, பிள்ளை நகரத்தில் அநாதையாக நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. 2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகும் இதே ஆபத்தைச் சொல்லி யுனிசெஃப் எச்சரித்தது. அநாதை இல்லங்களுக்குத் தொண்டர்கள் சுற்றுலாவாகப் போவது குழந்தைக் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தன் தீர்மானத்தில் கவலை தெரிவித்தது.

பிள்ளை சிரிக்கிறதே என்கிறீர்களா? சிரித்தால்தான் சோறு என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்!

அகதிகள் விஷயம் இன்னும் கொடியது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரின் முகத்தை உலகமெல்லாம் பரப்பினால், மியான்மரில் அகப்பட்டுக் கிடக்கும் அவர் உறவினரின் கதி என்ன? பாலியல் கொடுமைக்கு ஆளாகி வந்த பெண்ணின் முகம் இணையத்தில் கிடந்தால், நாளை அவள் எந்த ஊரில் தலைநிமிர்ந்து வாழ்வாள்? நிவாரணப் பொட்டலத்தை நீட்டியபடி கேமராவைப் பார்க்கும் தொண்டர் வெள்ளையராக இருந்தால் என்ன, நம்மைப் போன்றவராக இருந்தால் என்ன? பொட்டலம் வாங்கும் கை நடுங்குவது ஒரே மாதிரிதான்.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, "போட்டோ அனுப்புங்கள் பாய்" என்று கேட்பது யார்? நாம்தான். படம் கேட்கிற கொடையாளி இருக்கிறவரை படமெடுக்கிற தொண்டர் இருப்பார். கடைக்கு வந்த சரக்குக்குப் பில்லைச் சரிபார்க்கிறோமே தவிர, லாரி ஓட்டுநரைச் சரக்கோடு நிற்க வைத்துப் படமா கேட்கிறோம்? ஏழைக்குக் கொடுத்ததற்கு மட்டும் ஏன் அவன் முகம் ஈடாக வேண்டும்? வலது கை கொடுப்பதை இடது கை அறியாத தர்மத்தைச் சொல்லி வளர்ந்த சமுதாயம் இது!

நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை, படம் உட்பட, ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யதீம்கானாவுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொண்டுபோய்ப் படமெடுத்து அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பும் இளைஞர்கள் இதை ஒரு முறை படித்துவிட்டுப் போகட்டும்.

வெளிநாட்டு நிவாரணத்துக்கென்று வசூலுக்கு வருபவர் போனைத் திறந்து அழுகிற பிள்ளையின் படத்தை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிள்ளையின் பெயர் என்ன? இதன் தாயிடம் அனுமதி கேட்டது யார்? எந்த மொழியில் கேட்டார்? பதில் இல்லையென்றால் போனை மூடச் சொல்லிவிட்டு, போன வருடத்துத் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.