பிப்ரவரியில் ஊரில் இருக்க மாட்டார்கள்

2020 மே மாதத் தொடக்கத்தில், கொரோனா செய்திகளில் அதுவரை அதிகம் அடிபடாத அரியலூர் மாவட்டம் திடீரென்று தலைப்புச் செய்தியானது. மே 6 அன்று ஒரே நாளில் 188 பேருக்கு அங்கே தொற்று உறுதியாயிற்று. பெரம்பலூரிலும் எண்ணிக்கை ஏறியது. விசாரித்தால் பெரும்பாலோர் சொன்ன இடம் ஒன்றுதான்: சென்னையின் கோயம்பேடு சந்தை. சந்தையில் தொற்று பரவியதும் காய்கறி லாரிகளிலும் இருசக்கர வாகனங்களிலும் ஊர் திரும்பிய மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் அவர்கள். எந்தக் கிராமத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகத் தேட வேண்டியிருந்தது. இரண்டு மாவட்டங்களின் உழைப்பாளிகள் சென்னையின் எந்த மூலையில் வாழ்கிறார்கள் என்பதை அரசுக்கு ஒரு கிருமி வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இதற்கான தடயம் இருந்தது. ஆயிரம் ஆண்களுக்குப் பெரம்பலூரில் 1,003 பெண்கள், அரியலூரில் 1,015 பெண்கள். மாநில சராசரி 996. பெருமைப்பட வேண்டிய கணக்கு என்று தோன்றும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாருங்கள்: அரியலூரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகளே, மாநிலத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. பெண் குழந்தை குறைவாகப் பிறக்கும் மாவட்டத்தில் பெரியவர்களில் மட்டும் பெண்கள் கூடுதலாக இருக்கிறார்கள் என்றால், ஆண்கள் வெளியேறிவிட்டார்கள் என்பதே முதன்மையான விளக்கம். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் உண்டு. சென்னைக்குப் போனவர்களும் ஏராளம்.

சென்னைக்குள் அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? 2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்ட மக்கள்தொகை 7 சதவீதமே கூடியது. காஞ்சிபுரம் 39 சதவீதமும், திருவள்ளூர் 35 சதவீதமும் வளர்ந்தன. வாடகையும் அட்வான்ஸும் தாங்காதவர்களை நகரம் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து அந்த விளிம்பையும் விழுங்கியது. சந்தையை ஒட்டிய நெற்குன்றமும் மதுரவாயலும் மாநகராட்சிக்குள் வந்தது அப்போதுதான்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு இப்போது 2027க்கு வந்து நிற்கிறது. வீடுகளின் பட்டியல் 2026இல். தலைகளை எண்ணுவது 2027 பிப்ரவரியில். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் தை பாதியிலேயே சென்னை திரும்பியிருப்பார்கள். ஆண்டிமடத்திலோ குன்னத்திலோ கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டினால், ‘பையன் மெட்ராஸ்ல இருக்கான்’ என்று அம்மா சொல்வார். சென்னையில் என்ன நடக்கும்? கோயம்பேட்டுக்கு லோடு வருவது இரவில். இறக்கி முடித்தவர் விடிந்த பிறகுதான் அறைக்குத் திரும்பிப் படுப்பார். காலை பத்து மணிக்கு யாரோ தட்டினால், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் எழுந்து வந்து, ‘எங்கள ஊர்ல எழுதிட்டாங்க சார்’ என்பார். வந்தவரும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கட்டடம் எழும் சைட்டுகளில் தகர ஷெட் போட்டுத் தங்கியிருக்கும் கொத்தனார், சித்தாள் நிலையும் இதுதான். ஊரிலும் இல்லை, நகரத்திலும் இல்லை.

‘ஊரிலேயே எழுதிவிடுவது நல்லதுதானே, தலை எண்ணிக்கை குறைந்தால் ஊராட்சிக்கு வரும் நிதி குறையாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. தொகுதி மறுவரையறை பற்றிய அச்சமும் மாநிலமெங்கும் இருக்கிறது. ஆனால் ஒருவர் செந்துறையில் எழுதப்பட்டாலும் நெற்குன்றத்தில் எழுதப்பட்டாலும் தமிழகத்தின் மொத்தக் கணக்கில் ஒரு தலை கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. அவர் குடிக்கும் தண்ணீர் நெற்குன்றத்தில் வர வேண்டும். அவருக்கான ஆரம்ப சுகாதார நிலையமும் அங்கேதான் வேண்டும்.

இன்னொரு பயம் இதைவிட நியாயமானது. 2025 டிசம்பரில் வெளியான தமிழக வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றில் பெரும்பகுதி ‘இடம்பெயர்ந்தவர்’ கணக்கு. இதைப் பார்த்தவர்கள் வேறு ஊரில் இருப்பதாக யாரிடமும் சொல்லத் தயங்குவார்கள். 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்பில் தரும் தனிநபர் விவரங்கள் ரகசியம் என்கிறது. கணக்கெடுப்பில் சொல்வதை வைத்து ரேஷன் அட்டையும் போகாது, ஓட்டும் போகாது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி நிர்வாகத்தினரும் பொங்கலுக்கு வந்திருப்பவர்களிடமே நேரில் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் தண்டோரா போட்டுப் பயனில்லை.

இந்த இரு மாவட்டங்களுக்கும் காலணித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, இனி யாரும் ஊரை விட்டுப் போக மாட்டார்கள் என்ற பேச்சும் கேட்கிறது. எறையூரில் 2022இலும் ஜெயங்கொண்டத்தில் 2024இலும் அடிக்கல் நாட்டப்பட்டது நல்ல செய்தி. ஆனால் அது பெரும்பாலும் இளம்பெண்களை வேலைக்கு எடுக்கும் தொழில். மூட்டை தூக்கித் தோள் காய்த்துப்போன நாற்பத்தைந்து வயதுக்காரரை எந்த ஷூ கம்பெனி கூப்பிடும்? யார் போனார்கள், என்ன வயதில் போனார்கள் என்ற கணக்கில்லாமல் அறிவிக்கப்படும் வேலைவாய்ப்பு இலக்குகள் மேடைக்கு மட்டுமே உதவும்.

வீடற்றவர்களை எண்ணுவதற்குக் கணக்கெடுப்பில் தனியாக ஓர் இரவு உண்டு. அதைப் போலவே சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளில் சந்தை அறைகளுக்கும் கட்டுமான ஷெட்டுகளுக்கும், அங்கிருப்பவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் தனிச் சுற்று வைக்க வேண்டும். ஆள் கூட்டி வரும் மேஸ்திரிகளிடமும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திடமும் தொடங்கினால் ஷெட்டுகளைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் அல்ல. 2011இன் இடம்பெயர்வு அட்டவணைகள் முழுமையாக வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. இம்முறை எல்லாம் செல்போன் செயலியில் பதிவாகும் என்பதால் தாமதத்துக்குச் சாக்கு கிடையாது. எந்த மாவட்டத்துக்காரர் எந்த வார்டில் எத்தனை பேர் என்ற அட்டவணை ஓராண்டுக்குள் பொதுவில் வர வேண்டும். அது வரும் முன் சென்னையின் வார்டு எல்லைகளை மாற்றி வரையக் கூடாது.